புது இன்ஜினுக்குப் போகும் பாராட்டு

பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று வழியில் நின்றுவிட்டது என்றால், அதன் சொந்தக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் யோசனை, "அந்த இன்ஜினைத் தூக்கி எறிஞ்சுட்டு வேற வைங்க" என்பதுதான். ஜாகுவாருக்கு செவர்லே வி8, எம்.ஜி.பி.க்கு ரோவர் வி8, ட்ரையம்ப் ஸ்டாகுக்கு ரோவரோ ஃபோர்டோ. இப்போதென்றால் எதற்கும் பேட்டரியும் மோட்டாரும். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. மாற்றியவர்களில் பலர் அதன்பிறகு நிம்மதியாகத்தான் ஓட்டுகிறார்கள். அந்த நிம்மதியை எது கொடுத்தது என்பதில்தான் எனக்கு வழக்கு. இன்ஜினை மாற்றும்போது இன்ஜின் மட்டும் மாறுவதில்லை. ரேடியேட்டர், ஹோஸ்கள், ஃபேன், பெட்ரோல் பம்ப், இக்னிஷன், பாதி வயரிங் என்று எல்லாமே கூடவே புதிதாகிவிடுகின்றன. பிறகு கார் ஒழுங்காக ஓடினால் பாராட்டு முழுவதும் புது இன்ஜினுக்கே போகிறது. அதே காசையும் கவனத்தையும் பழைய இன்ஜினைச் சுற்றிச் செலவழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுப் பார்ப்பதற்குத் தோதாக ஒரு கார் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி ட்ரையம்ப் ஸ்டாகைப் பற்றித்தான்.

ஸ்டாக் 1970இல் வந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோட்டி, ட்ரையம்ப் 2000 செடானை வைத்துக் காட்சிக்காகச் செய்த ஒரு வண்டியை, ட்ரையம்ப்பின் பொறியியல் தலைவர் ஹாரி வெப்ஸ்டர் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டதில் தொடங்கிய கதை. நான்கு பேர் உட்காரலாம், மேற்கூரையைத் திறக்கலாம், உள்ளே ஒரு வி8. மெர்சிடிஸ் எஸ்.எல். வாங்க நினைப்பவர்களை இழுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த இன்ஜின் ட்ரையம்ப்பின் சொந்தத் தயாரிப்பு: 2997 சிசி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஒவ்வொரு பக்கமும் ஒரு ஓவர்ஹெட் கேம். முதலில் இரண்டரை லிட்டராகத் திட்டமிட்டு, பிறகு சிலிண்டரை அகலப்படுத்தி மூன்று லிட்டராக்கினார்கள். 1977 வரை சுமார் 26,000 கார்கள் செய்தார்கள். இந்த வி8 வேறு எந்தக் காரிலும் போகவில்லை. அமெரிக்காவில் 1973க்குப் பிறகு விற்பனையே கிடையாது. ஓவர்ஹீட் ஆகும், ஹெட் கேஸ்கெட் போகும், டைமிங் செயின் தளர்ந்துபோகும் என்ற மூன்று புகார்களும் காரின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. இன்றுவரை ஸ்டாக் என்றாலே பலருக்கு நினைவு வருவது பானெட்டிலிருந்து கிளம்பும் ஆவிதான்.

புகார்கள் பொய்யில்லை. அவற்றின் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், ஒரே பெயரில் நான்கு விதமான குற்றவாளிகள் கிடைக்கிறார்கள். முதலாவது வடிவமைப்பு. வாட்டர் பம்ப், வி வடிவத்தின் நடுவே மேலே உட்கார்ந்திருக்கிறது. கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் வறண்டுபோவது பம்ப்தான். பம்ப் வறண்டால் தண்ணீர் சுற்றாது, ஹெட் கொதித்து வளையும். ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒரு வரிசை நேராகவும் மறு வரிசை ஸ்டட்டுகளாகச் சாய்வாகவும் இருக்கின்றன. சூட்டில் விரியும்போது இரண்டும் ஒரே திசையில் இழுக்காததால் கேஸ்கெட்டுக்குத் தொல்லை. சாய்ந்த ஸ்டட்டுகள் அலுமினியத்தோடு துருப்பிடித்து இறுகிவிட்டால் ஹெட்டைக் கழற்றவே படாதபாடு. செயின் ஒற்றை வரிசை, நீளமானது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இரண்டாவது குற்றவாளி தொழிற்சாலை. வார்ப்புக்குப் பயன்பட்ட மணல் பிளாக்கின் தண்ணீர்ப் பாதைகளில் மிச்சமிருந்து, நாளடைவில் ரேடியேட்டருக்குள் போய் அடைத்துக்கொண்டது. ட்ரையம்ப்பின் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்டின் அந்தக் காலத்து வேலைநிறுத்தங்களும் அவசரமும் தரக்கட்டுப்பாட்டை எந்த நிலையில் வைத்திருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மூன்றாவது, எனக்குச் சுவாரசியமானது, பராமரிப்பு. இரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனையும் இன்ஜினுக்கு, அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த கூலன்ட் வருடம் முழுக்க வேண்டும். பிரிட்டனில் அன்றைக்குப் பெரும்பாலோருக்கு ஆன்டிஃப்ரீஸ் என்பது பனிக்கால சமாசாரம்; குளிர் போனால் குழாய்த் தண்ணீரே போதும் என்று விட்டுவிடும் வழக்கம் இருந்தது. முழு இரும்பு இன்ஜின் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்டாக் பொறுத்துக்கொள்ளவில்லை. அலுமினியம் கரைந்து வந்த கசடு, ஏற்கெனவே மணல் படிந்திருந்த ரேடியேட்டரின் அடிப்பகுதியை முழுவதுமாக மூடியது. நான்காவது, முன்னெச்சரிக்கை இல்லாதது. கூலன்ட் இறங்கிவிட்டால் வெப்பமானியின் சென்சார் தண்ணீரைத் தொடாமல் வெறும் ஆவியில் நிற்கும். முள் காட்டுவதை நம்ப முடியாது. டிரைவருக்குத் தெரியவரும்போது ஹெட் வளைந்திருக்கும். இந்த நான்கில் இன்ஜினின் பிறவிக்குறை என்று சொல்லத்தக்கது முதலாவது மட்டும். மற்ற மூன்றும் அதைச் சுற்றி இருந்தவை. அந்த முதலாவதும்கூட, மற்ற மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கக்கூடியது.

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் மலிவாகக் கைமாறிய ஸ்டாக்குகளுக்கு மெக்கானிக்குகள் வேறு இன்ஜின் வைத்தார்கள். அதிகம் போனவை இரண்டு: ரோவர் வி8, ஃபோர்டின் மூன்று லிட்டர் எசெக்ஸ் வி6. ட்ரையம்ப்பின் பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினும் சிலவற்றில் ஏறியது. இந்த மாற்று இன்ஜின்கள் குறையே இல்லாதவையா என்று பாருங்கள். எசெக்ஸ் வி6இல் கேம் ஷாஃப்டைச் சுற்றும் பல்சக்கரத்தின் பற்கள் ஃபைபரால் ஆனவை. ஒருநாள் மொத்தமாக உதிர்ந்துவிடும். ஆயில் பம்ப்பை ஓட்டும் அறுகோணக் கம்பி தேய்ந்து முனை மழுங்கினால் ஆயில் அழுத்தமே போய்விடும். இரண்டும் ஃபோர்டு மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்த வியாதிகள். ரோவர் வி8 இவற்றைவிட நல்ல இன்ஜின், மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் உள்ளே கசடு கட்டும், கேம் ஷாஃப்ட் தேயும். அதுவும் அலுமினியம் என்பதால் கூலன்ட் விஷயத்தில் அதற்கும் அதே பத்தியம்தான். அப்படியிருக்க, மாற்றிய கார்கள் ஏன் கொதிக்காமல் ஓடின? மாற்றியவர் அடைத்துப்போன பழைய ரேடியேட்டரைத் திரும்பப் பொருத்தவில்லை. புது ஹோஸ் போட்டார், புது கூலன்ட் ஊற்றினார், எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தார், தன் கையால் செய்த வேலை என்பதால் வாராவாரம் பானெட்டைத் திறந்து அளவும் பார்த்தார். இத்தனையும் சேர்ந்து கிடைத்த பலனை ஒரே ஒரு பாகத்தின் கணக்கில் எழுதுகிறோம்.

மறுபக்கத்தில், ட்ரையம்ப் இன்ஜினை விடாமல் வைத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்ற பதிவும் இருக்கிறது. ஸ்டாக் கிளப்புகளும் உதிரிபாகம் விற்கும் நிபுணர்களும் பல பத்தாண்டுகளில் உருவாக்கிய வழிமுறை ரகசியமில்லாதது. பிளாக்கைப் பிரித்துத் தண்ணீர்ப் பாதைகளில் மணலும் கசடும் போகும்வரை சுத்தம் செய்வது, கொள்ளளவு கூடிய ரேடியேட்டர், கூலன்ட் இறங்கினால் விளக்கு எரியும் எச்சரிக்கை, குறிப்பிட்ட தூரம் ஓடியதும் தளர்ந்திருக்கிறதோ இல்லையோ செயினை மாற்றிவிடுவது, வருடம் முழுக்க சரியான கூலன்ட். அவ்வளவுதான். பிரிட்டனில் இன்னமும் ஆயிரக்கணக்கில் ஸ்டாக்குகள் இருக்கின்றன; பெரும்பாலானவற்றில் இருப்பது ட்ரையம்ப் வி8தான். ஒருகாலத்தில் ரோவர் இன்ஜின் ஏறிய கார்களில் சிலவற்றைப் பெரிய செலவில் பழைய இன்ஜினுக்கே திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் விலைமதிப்பு, அசல் என்ற மோகம் எல்லாம் கலந்திருக்கலாம். ஆனால் தொட்டால் கொதிக்கும் இன்ஜினாக இருந்தால் எந்த மோகமும் இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்காது.

இன்னொரு சாட்சி ஸ்வீடனில் இருக்கிறது. ஸ்டாகின் வி8ஐ நெடுக்காகப் பாதி வெட்டினால் கிடைப்பதுபோன்ற ஒரு நான்கு சிலிண்டர் இன்ஜின், 45 டிகிரி சாய்ந்தபடி, அதே குடும்பத்தில் உண்டு. அதை முதலில் வாங்கிப் பயன்படுத்தியது ட்ரையம்ப் அல்ல, சாப். 1968இல் வந்த சாப் 99இல் அதுதான் இருந்தது. தொல்லைகள் சாபுக்கும் வந்தன. அவர்கள் அதைத் தூக்கி எறியாமல், 1972இல் தாங்களே தயாரிக்கத் தொடங்கி, பல பாகங்களைத் திருத்தி வலுப்படுத்தினார்கள். பெயர் பெற்ற சாப் டர்போ அந்த வம்சத்தில் வந்ததே. இதற்கு ஒரு நியாயமான மறுமொழி உண்டு: "சாப் இவ்வளவு திருத்த வேண்டியிருந்தது என்றாலே மூல வடிவமைப்பு மோசம் என்றுதானே அர்த்தம்?" பாதி சரி. முடிக்கப்படாத வேலை என்று சொல்வேன், மோசம் என்று சொல்லமாட்டேன். முடிக்க வேண்டியதை ஒரு நிறுவனம் முடித்தது, இன்னொன்று வாடிக்கையாளரின் தலையில் கட்டியது. ஸ்டாக் வைத்திருப்பவர்கள் அந்த மிச்ச வேலையைத்தான் தங்கள் செலவில் செய்துமுடித்திருக்கிறார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. இன்று பிழைத்திருக்கும் ஸ்டாக்குகள் ஞாயிற்றுக்கிழமை கார்கள். வெயில் அடிக்கும் நாளில் வெளியே வந்து, மழைக்கு முன் ஷெட்டுக்குத் திரும்புபவை. அவற்றை வைத்து இன்ஜின் நல்லது என்று எப்படிச் சொல்லலாம்? தினமும் நெரிசலில் நின்று வேலைக்குப் போன கார்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டனவே? இது சரியான கேள்வி. என் வாதத்தை இது கொஞ்சம் சுருக்குகிறது. தினசரி உழைப்புக்கு ரோவர் வி8 அதிக தாக்குப்பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கத்தி இருபுறமும் வெட்டும். இன்ஜின் மாற்றிய ஸ்டாக்குகளும் அதே ஞாயிற்றுக்கிழமை கார்கள்தான். எனவே ஒப்பிட வேண்டியது 1974இல் அலட்சியமாக விடப்பட்ட ஸ்டாகையும் 1990இல் அக்கறையோடு இன்ஜின் மாற்றப்பட்ட ஸ்டாகையும் அல்ல. இரண்டிலும் அக்கறை சமமாக இருக்கும் கார்களை. அப்படிப் பார்க்கும்போது இடைவெளி, ஊர் பேசுகிற அளவுக்கு இல்லை.

ஜாகுவாருக்கு வந்தால் படம் இன்னும் தெளிவு. அமெரிக்காவில் எக்ஸ்.ஜே. வரிசைக் கார்களில் செவர்லே வி8 வைப்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பொருத்துவதற்கான முழு செட்டும் விற்றார்கள். காரணம் 1971இல் வந்த 5.3 லிட்டர் வி12இன் கெட்ட பெயர். அந்த இன்ஜினின் உள்பாகங்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் குறை சொல்வதில்லை. வந்த வம்பெல்லாம் மேலே. தொடக்கத்தில் லூகாஸின் ஓபஸ் மின்னணு இக்னிஷன் ஆம்ப்ளிஃபையரை, இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, சூடு அதிகமாகத் தேங்கும் இடத்தில் வைத்தார்கள். அது வெந்துபோனது; பிறகு ரேடியேட்டர் பக்கம் காற்றோட்டத்துக்கு நகர்த்தினார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எண்ணெய் விட யாரும் மெனக்கெடாததால் அட்வான்ஸ் நுட்பம் இறுகிப்போய், இக்னிஷன் தாமதமாகி, எக்ஸாஸ்ட் பழுக்கக் காய்ந்தது. இதற்கெல்லாம் விடை செவர்லே இன்ஜின் என்றால், அது வந்தபிறகும் காரில் அப்படியே இருப்பவை என்னென்ன? அதே வயரிங், அதே துருப்பிடித்த எர்த் இணைப்புகள். எக்ஸ்.ஜே.யில் பெட்ரோல் டேங்க் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வால்வும் அதே பழையதுதான். அந்த வால்வு மக்கர் பண்ணினால், டெட்ராய்ட்டிலிருந்து வந்த எந்த இன்ஜினும் நிற்கத்தான் செய்யும். ஒழுகுகிற கூரையை விட்டுவிட்டு வீட்டுக்குக் குடித்தனக்காரரை மாற்றிய கதை.

"அப்படியானால் கம்பெனிக்காரர்களே இன்ஜின் மாற்றி வெற்றி பெற்றிருக்கிறார்களே?" என்று கேட்கலாம். பெற்றிருக்கிறார்கள், அழகாகவே. ரோவர் வி8 என்பதே ஒரு மாற்று இன்ஜின்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1961 முதல் 1963 வரை ப்யூக் கார்களில் போட்டுவிட்டுக் கைவிட்ட அலுமினிய இன்ஜின் அது; 1965இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. வார்க்கும் முறையைத் தனக்கேற்ப மாற்றி, ப்யூக்கிலிருந்தே ஒரு பொறியாளரை வரவழைத்து, 1967இல் தன் பெரிய செடானில் பழைய மூன்று லிட்டர் ஆறு சிலிண்டருக்குப் பதிலாக வைத்தது. பி5பி என்ற அந்தக் கார் பிரதமர்களின் வண்டியானது; 1979இல் மார்கரெட் தாட்சர் டவுனிங் தெருவுக்கு வந்து இறங்கியதும் அதில்தான். 1973இல் எம்.ஜி.பி. ஜி.டி.யில் அதே வி8ஐ வைத்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது எவ்வளவு சேர்த்து மாற்றினார்கள் என்பது. ரேடியேட்டர் முன்னுக்கு நகர்ந்தது, இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன்கள் வந்தன, ஸ்ப்ரிங்குகள் விறைப்பாகின, முன் பிரேக் டிஸ்குகள் தடித்தன. மொத்தம் 2,591 கார்கள்தான் செய்தார்கள், ஆனால் செய்தது முழுமையான வேலை. இன்னொன்று, எம்.ஜி.பி.யின் பழைய 1798 சிசி இன்ஜின் நம்பகமற்றது என்று யாரும் அதை மாற்றவில்லை. வேகம் வேண்டும் என்று மாற்றினார்கள். நோக்கம் அதுவாக இருக்கும்போது இன்ஜின் மாற்றம் நேர்மையான விடை.

இந்தியாவில் இதே பாடம் இரண்டு கார்களில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடந்தது. இரண்டும் பிரிட்டிஷ் உடல்கள். 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், வாக்ஸ்ஹால் வி.எக்ஸ். காரின் அச்சுகளை வாங்கி கான்டெஸாவைக் கொண்டுவந்து, உள்ளே அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினை வைத்தது. 1985இல், ஸ்டாகைச் செய்த ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப்பின் இந்தியக் கூட்டாளியாக வளர்ந்த சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம், ரோவர் எஸ்.டி.1இன் உடலில் ஸ்டாண்டர்ட் வான்கார்டு காலத்து 1991 சிசி நான்கு சிலிண்டரை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று விற்றது. மூன்றரை லிட்டர் வி8க்காக வரைந்த உடல் அது. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. வான்கார்டு இன்ஜினை நம்பகமற்றது என்று ஒருவரும் சொல்ல முடியாது. டிராக்டருக்கும் ஓடிய குடும்பம். கம்பெனி ரோவர் இன்ஜின்களின் சிக்கலைத் தவிர்த்து உள்ளூரில் கைவந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் கார் தேறவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் தயாரிப்பு நின்றது. எடைக்கு இழுவை போதவில்லை, பெட்ரோல் அதிகம் குடித்தது. உறுதியான இன்ஜின், பொருந்தாத வீடு. கான்டெஸாவும் முதலில் அதே பள்ளத்தில்தான் கிடந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசூ 1817 சிசி இன்ஜின் அதற்கு வந்தபோது, ஐந்து கியர் பெட்டியும் கூடவே வந்தது. கார் வேறு காரானது. பிறகு தொண்ணூறுகளில் அம்பாசடருக்கும் அதே இசுசூ இன்ஜினும் ஐந்து கியரும் போயின. இரண்டு கம்பெனிகளும் இன்ஜினைத்தான் மாற்றின. ஒன்று கையில் இருந்ததைத் திணித்தது, மற்றது இரண்டாம் முறையாவது சேர்ந்து பொருந்தும் தொகுப்பாக வாங்கியது.

ஆகவே இன்ஜின் மாற்றுவதே தவறு என்ற கட்சியில் நான் இல்லை. மாற்றியே ஆக வேண்டிய நிலைமை உண்டு: உதிரிபாகமே கிடைக்காத ஊரில், பிளாக் விரிசல் விட்ட காரில், ஹெட் கிடைக்கும்வரை காரை நிறுத்திவைக்க முடியாதவருக்கு. அது வழங்கலின் பிரச்சினை, நம்பகத்தின் பிரச்சினை அல்ல. ஸ்டாகுக்கு பிரிட்டனில் ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாகவே கிடைக்கிறது என்பதால் அங்கே இந்தக் காரணம் செல்லாது. அரிதான கார்களுக்குச் செல்லும். இதில் சட்டமும் வருகிறது: பிரிட்டனில் 2018 முதல் நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்தரச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் காரை அடிப்படையாக மாற்றியிருந்தால் விலக்கு போய்விடலாம், வேறு வகை இன்ஜின் வைப்பதும் அந்தக் கணக்கில் வரும். சட்டமே இதை ஒரு பாகம் மாற்றியதாகப் பார்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஏன் இவ்வளவு பேர் நேராக இன்ஜின் மாற்றத்துக்குப் போகிறார்கள் என்றால், பழுதைத் தேடுவது அலுப்பான வேலை. கூலிங் சிஸ்டத்தில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பது, ரேடியேட்டரின் அடி குளிர்ந்து கிடக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, ஒவ்வொரு எர்த்தையும் சுரண்டி மல்டிமீட்டர் வைப்பது, இதிலெல்லாம் போட்டோ எடுத்துப் போட ஒன்றுமில்லை. முடிந்ததா என்றும் உறுதியாகத் தெரியாது. இன்ஜின் மாற்றத்துக்கு ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் உண்டு. கிரேனில் தொங்கும் இன்ஜினைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. மின்மோட்டாருக்கு மாற்றும் இன்றைய அலையிலும் இதே கணக்கு நடக்கும் என்று நினைக்கிறேன். மோட்டார் கொதிக்காது, உண்மை. ஆனால் ஐம்பது வருட ஸ்டியரிங் இணைப்புகள், பிரேக் குழாய்கள், விளக்குகளின் வயரிங், துருவேறிய அடித்தகடு ஆகியவற்றுக்குப் பேட்டரியின் எடையும் சேர்ந்துகொள்ளும். அவற்றை யார் பார்த்தார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கார் வீடு திரும்பும். ரோவர் வி8இன் உறுமலுக்காகவோ இழுவைக்காகவோ ஸ்டாகில் அதை வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு மறுப்பே இல்லை, பிரேக்கையும் சேர்த்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். கொதிக்கிறது என்பதற்காக வைக்கிறேன் என்று சொன்னால், முதலில் ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களா என்று கேட்பேன்.